புதிதாக விசுவாசத்துக்கு வந்தவருக்கு: குணம் பழகும் வழியும் ஆசீர்வாதத்தை வாசிக்கும் முறையும்

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், வழியில் தெரியும் ஆலயங்களை எண்ணி முடிக்க இயலாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று உங்களுக்குச் சொல்ல நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆட்கள் நிறைய உண்டு. திங்கட்கிழமை என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள், பல ஆண்டுகள் விலகியிருந்து திரும்பியவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் திருமணமாகி வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். கிறிஸ்தவனுக்குரிய குணத்தை எப்படிப் பழகுவது? வேதம் வாக்களிக்கும் ஆசீர்வாதம் எனக்கு எப்போது வரும்?

ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். முதல் ஓர் ஆண்டுக்குப் போதுமான வழியை இங்கே எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை சற்றுத் தள்ளி வரும். தயவுசெய்து அங்கே தாவிவிட வேண்டாம். முதல் கேள்வியில் கை நனைத்தவருக்கே அது விளங்கும்.

மூன்று பகுதிகள், ஒரு நோட்டு

முதல் மாதம் முழு வேதாகமத்தையும் வாசித்து முடிக்க முயல வேண்டாம். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றே பகுதிகளைத் தினமும் வாசியுங்கள்: சங்கீதம் 15, மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் முதல் பன்னிரண்டு வசனங்கள், கலாத்தியர் 5:22-23. மூன்றையும் சேர்த்து வாசிக்க ஐந்து நிமிடம் போதும்.

சீர்திருத்த சபையினர் வீட்டில் இருப்பது பழைய பரிசுத்த வேதாகமம். கத்தோலிக்க வீட்டில் இருப்பது பெரும்பாலும் திருவிவிலியம். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலாத்தியரில் பழைய மொழிபெயர்ப்பு "தயவு" என்று சொல்வதைத் திருவிவிலியம் "பரிவு" என்கிறது. "சாந்தம்" அங்கே "கனிவு". "இச்சையடக்கம்" அங்கே "தன்னடக்கம்". மத்தேயு 5இல் தொடங்கும் மலைப்பிரசங்கத்தின் "பாக்கியவான்கள்" அங்கே "பேறுபெற்றோர்". ஒரே குணத்துக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் கிடைக்கும்போது, அந்தக் குணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். சாந்தம் என்றால் வாய் பேசாமல் இருப்பது என்று எண்ணியவருக்கு, "கனிவு" வேறொரு வாசலைத் திறக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலாத்தியரில் இருப்பது "ஆவியின் கனி", கனிகள் அல்ல. ஒன்பது பழங்களில் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ள அங்கே வழியில்லை. சபையில் எல்லாரிடமும் அன்பாகவும் வீட்டில் மனைவியிடம் இச்சையடக்கமில்லாமலும் இருப்பவரிடம் கனி பாதி விளைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை ஆவியானவரே விளைவிக்கிறார். நிலத்தைக் கொத்திக் களை பறிக்கும் வேலை நம்முடையது. இனி எழுதப்போவதெல்லாம் அந்தக் களை பறிப்பைப் பற்றித்தான்.

கடன் பட்டியலில் தொடங்குங்கள்

பலர் குணப்பயிற்சியை மனதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் நோட்டில் கணக்கெழுதித் தொடங்கச் சொல்கிறேன். காரணம் சங்கீதம் 15. "கர்த்தாவே, யார் உம்முடைய கூடாரத்தில் தங்குவான்?" என்று கேட்டுவிட்டு, அது தருகிற விடை முழுவதும் ஊரில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற காரியங்கள். புறங்கூறக் கூடாது. அயலான்மேல் சொல்லப்படும் நிந்தையை எடுத்துக்கொண்டு திரியக் கூடாது. ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறக் கூடாது. பணத்தை வட்டிக்குக் கொடுக்கக் கூடாது. குற்றமில்லாதவனுக்கு விரோதமாய்ப் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கக் கூடாது.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு பட்டியல்கள். யாருக்கெல்லாம் பணம் தர வேண்டியிருக்கிறது, கடைப் பாக்கி உட்பட. யாருக்கெல்லாம் சொல் கொடுத்துவிட்டு நிறைவேற்றாமல் இருக்கிறேன். யாரைப் பற்றி அவர் இல்லாதபோது பேசினேன். யாரிடமிருந்து நியாயமில்லாமல் வாங்கினேன். நான்காவதை எழுதும்போது கை நடுங்கும். வங்கிச் சேமிப்பைப் பற்றி இங்கே வாதம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி வாங்கியது அந்தப் பட்டியலில் வர வேண்டும். மருமகள் வீட்டில் கேட்டு வாங்கிய பவுன் கணக்கும் வர வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்த ஒன்றை, நம் மாவட்டத்தில் ஜெபத்தோடு தொடங்கும் திருமணப் பேச்சுகளில் இன்னும் பேசுகிறோம். இதை எழுத எனக்கு வேதனையாக இருக்கிறது. எழுதாமல் விட மனமில்லை.

என் பட்டியலில் இருந்த ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டுகிறவருக்கு ஒரு முறை மூன்று வாரக் கூலியைப் பாக்கி வைத்திருந்தேன். ரப்பர் விலை இறங்கியிருக்கிறது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடம் இருக்கலாகாது என்ற லேவியராகமம் 19:13 ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் வாசிப்பாக வந்தது. வாசித்தவள் என் மகள். அன்றிரவே பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி, பிள்ளையை அப்படியே கடைக்கு அனுப்பினார். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட ஜெபம் தடைபடவில்லை.

பட்டியலில் உள்ளவற்றை ஒரே நாளில் தீர்க்க முடியாது. சிறிய கடனை முதலில் தீருங்கள். தீர்க்க முடியாததற்குத் தேதி சொல்லுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துவதாகச் சொன்ன பிறகே இயேசு "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். லூக்கா 19ஐ அந்த வாரம் வாசியுங்கள்.

ஒரு மாதத்துக்கு ஒரு குணம், அதற்கு ஒரு ஆள்

அடுத்து ஒன்பது மாதங்களுக்குக் கலாத்தியரின் ஒன்பது சொற்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு மனிதரோடு கட்டிவிடுங்கள். "இந்த மாதம் பொறுமையாக இருப்பேன்" என்றால் அது காற்றோடு போகும். "இந்த மாதம் காது கேட்காத மாமியாரிடம் ஒரே விஷயத்தை மூன்றாம் முறை சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டேன்" என்றால், அது நடந்ததா இல்லையா என்று இரவில் நோட்டில் எழுத முடியும்.

நீடியபொறுமையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் உள்ளவர்களுக்கு அதை விளக்க ரப்பர் மரமே போதும். கன்று நட்டுப் பால் எடுக்க ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் மட்டும் போதாது. விடியும் முன்னே போய், பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போய்விட்டால் அன்றைக்குப் பால் சிரட்டையில் வடியலாம். ஆனால் காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது. படிப்பில் பின்தங்கிய மகனிடம் பேசும் தந்தையும், குடியை விட முயலும் தம்பியிடம் பேசும் அண்ணனும் இந்த ஆழத்தைக் கற்க வேண்டும். சொல்லவே கூடாது என்பதில்லை. எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிக்கிற கணவனைச் சகித்துக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதற்கு நீடியபொறுமை என்று பெயர் வைக்காதீர்கள். வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181. அதை அழைப்பது விசுவாசக் குறைவு அல்ல.

தயவுக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல மாதிரி உண்டு. 1838இல் மருத்துவப்பணி தொடங்கிய நெய்யூருக்கு, 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தை முடித்துவிட்டு வந்தார் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். சுற்றிப் பார்க்கத்தான் வந்தார். குவிந்திருந்த நோயாளிகளையும், அவர்களைக் கவனிக்க மருத்துவர்கள் போதாமல் இருந்ததையும் பார்த்தார். லண்டனில் தமக்குக் கிடைக்கவிருந்த பதவியை விட்டுவிட்டு இங்கே வேலை செய்ய வந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போனார். ஆனால் வாழ்வின் நல்ல ஆண்டுகளை நெய்யூருக்கே கொடுத்தார். தயவு என்பது இளகிய மனம் மட்டும் அல்ல. எதிரே இருக்கும் தேவையைப் பார்த்ததும் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் துணிவும் அதில் இருக்கிறது. அந்த மாதம் உங்கள் திட்டம் ஒன்றை யாருக்காவது மாற்றிக்கொடுங்கள்: ஒரு ஞாயிறு மதியத் தூக்கம், ஒரு கடைவீதிப் பயணம், அவ்வளவு போதும்.

மற்ற சொற்களை நீங்களே ஆளோடு இணைத்துக்கொள்வீர்கள். ஒன்று மட்டும்: கோபத்துக்குக் கெடு வைத்திருக்கிறது வேதம், "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" என்று. அதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

காணிக்கைக்கு முன்னால் எல்லைக்கல்

சென்ட் கணக்கில் நிலம் பங்கிட்டுக் கொண்ட மாவட்டம் இது. மதில் ஒரு சாண் தள்ளிப் போனதற்காக ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்கிறார்கள். மத்தேயு 5:23-24ஐ மெதுவாக வாசியுங்கள். பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்து நிற்கும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார் இயேசு. அவன்மேல் உனக்குக் குறை இருந்தால் என்று அங்கே எழுதவில்லை. மனத்தாங்கல் அவனுடையது, நடந்து போகிறவன் நீ.

போகும்போது தனியாகப் போங்கள். பத்திரத்தையும் வரைபடத்தையும் கொண்டுபோக வேண்டாம். ஊர்ப் பெரியவரையோ போதகரையோ முதல் முறையே அழைத்துச் செல்ல வேண்டாம். சாட்சியோடு வருகிறவனைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் தற்காப்புக்குத் தயாராகிவிடுவார். "அண்ணே, அன்றைக்கு நான் அப்படிப் பேசியது தவறு" என்பதோடு நிறுத்துங்கள். அடுத்து நாக்கில் வரும் "ஆனால்" என்ற சொல்லை விழுங்கிவிடுங்கள். அவர் கதவைச் சாத்தினாலும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். மூன்று மாதம் கழித்து அவர் வீட்டுத் துக்கத்துக்கோ நன்மைக்கோ முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

கொடுப்பதற்கு எளிய வழி, நம் பாட்டிமார் செய்த கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனியே எடுத்து வைத்தார்கள். இன்று அரிசிக்குப் பதில் பணமாக வைக்கலாம். யாருக்குப் போகிறது என்பதை நோட்டில்கூட எழுத வேண்டாம்.

இனி ஆசீர்வாதம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பல சபைகளில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை கொடுப்பார்கள். அது நல்ல வழக்கம். எங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தைத் திறந்து முன்னும் பின்னும் வாசிப்பது உங்கள் பொறுப்பு.

அதிகமாக அச்சிடப்படும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரி கேட்கவே ஆறுதலானது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுகள் என்று காலம் சொல்கிறது. கடிதத்தை முதலில் வாசித்தவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அடுத்த மாதம் விசா வரும் என்பதற்கு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர், விசா வராதபோது தேவன்மேல் கோபித்துக்கொண்டார். தேவன் அப்படிச் சொல்லவே இல்லை.

எந்த வாக்குத்தத்தத்தையும் வாசிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: யாருக்குச் சொன்னது? பக்கத்தில் நிபந்தனை ஏதும் உண்டா? எப்போது நிறைவேறும் என்கிறது? வாலாக்காமல் தலையாக்குவார் என்ற உபாகமம் 28ஆம் அதிகாரம், உடன்படிக்கைக்குட்பட்ட இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொன்னது. அதில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் பதினான்கு வசனங்களில் முடிந்துவிடுகிறது, மீதி எல்லாம் கீழ்ப்படியாமையின் சாபம். மாற்கு 10:30இல் வீடுகளும் சகோதரரும் தாய்மாரும் நூறத்தனையாகக் கிடைக்கும் என்ற இயேசு, "துன்பங்களோடேகூட" என்பதையும் அதே வாக்கியத்தில் வைத்தார். அதைக் கத்தரித்து எடுக்க நமக்கு உரிமை இல்லை.

நம் மாவட்டத்தில் இதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸின் மறுநாள். குளச்சலிலும் மணக்குடியிலும் அலை கொண்டுபோனவர்கள் ஜெபிக்கத் தெரியாதவர்களா? 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளில் விசுவாசம் குறைந்திருந்ததா? அப்படிச் சொல்கிறவர், எல்லாவற்றையும் இழந்த யோபுவிடம் உன் பாவமே காரணம் என்று சொன்ன அவருடைய நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். யோபு 42:7இல் தேவனுடைய கோபம் மூண்டது அந்த நண்பர்கள்மேல்தான்.

யோபுவை நினைத்தால் தேவசகாயம் பிள்ளை நினைவுக்கு வருகிறார். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் இழப்புகள் வந்து மனம் சோர்ந்திருந்தபோது, டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது யோபுவின் கதை. கொடுப்பார், குவியும் என்று சொல்லி அவரை அழைக்கவில்லை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். சில ஆண்டுகளுக்குள் பதவி போயிற்று. விலங்கும் அடியும் வந்தன. 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்கிறது. 2022 மே 15இல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் முதல் ஆண்டில் ஒரு முறை காற்றாடிமலைக்குப் போய் வாருங்கள். போகும்போது வெளிப்படுத்தல் 2:10ஐ வாசித்துக்கொண்டு போங்கள்: "நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்."

அப்படியானால் இங்கே, இப்போது, ஒன்றும் இல்லையா? நிறைய உண்டு. மலைப்பிரசங்கத்தின் எட்டுப் பாக்கியங்களில் முதலாவதும் எட்டாவதும் "பரலோகராஜ்யம் அவர்களுடையது" என்று நிகழ்காலத்தில் முடிகின்றன. நடுவில் இருக்கும் ஆறுதலடைவார்கள், திருப்தியடைவார்கள், இரக்கம்பெறுவார்கள், தேவனைத் தரிசிப்பார்கள் எல்லாம் வரப்போகிறவை. எளிமையுள்ளவனுக்கும் நீதிக்காகத் துன்பப்படுகிறவனுக்கும் இப்போதே சொந்தம். மற்றவை வழியில் வந்துகொண்டிருக்கின்றன. எபிரெயர் 13:5 "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்கிறது. அந்தச் சொல், பண ஆசையில்லாமல் இருக்கிறதைப் போதுமென்று எண்ணுங்கள் என்ற அறிவுரைக்குக் காரணமாக வருகிறது. சங்கீதம் 15 முடிவது "என்றென்றைக்கும் அசைக்கப்படுவதில்லை" என்று. காற்றே அடிக்காது என்று அது சொல்லவில்லை. கடன் தீர்ந்து, சொல் காத்து, அண்ணனோடு பேசத் தொடங்கிய மனிதன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்பதை நீங்களே சில மாதங்களில் அறிவீர்கள். சங்கீதம் 128 சொல்வதும் சிறியதுபோலத் தோன்றும் பெரிய ஆசீர்வாதம்: "உன் கைகளின் பிரயாசத்தை நீ சாப்பிடுவாய்."

ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஆசீர்வாதத்துக்குத் தொகை சொல்கிறவர், மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறவர், உங்கள் துயரத்துக்கு உங்கள் பாவமே காரணம் என்று பார்த்தவுடன் சொல்கிறவர், இவர்களை விட்டு விலகுங்கள். நெய்யூரில் ஜெபித்தவர்களே அங்கே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள்.

ஒரு மூத்தவர்

இதைத் தனியாகச் செய்தால் மூன்றாம் மாதத்தில் நோட்டு அலமாரிக்குள் போய்விடும். சபையிலோ, கத்தோலிக்கரானால் பங்கிலோ அதன் அக்கம்பக்கக் குடும்பக் குழுவான அன்பியத்திலோ ஒருவரைத் தேடுங்கள். நன்றாகப் பேசுகிறவரைவிட, அவர் வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை சந்தியுங்கள். அவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். எங்கே நழுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் உங்களைக் கடிந்துகொண்டால் அந்த வாரம் வருத்தமாக இருக்கும். அடுத்த மாதமும் போங்கள்.

டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில், அட்டை வாங்கப் போவதற்கு முன், நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து அந்த நான்கு பட்டியல்களில் அடிக்காமல் எஞ்சியிருக்கும் பெயர்களைப் பாருங்கள். அன்றைக்கே போகக்கூடிய தொலைவில் ஒருவர் இருப்பார். இரவு ஆராதனை தொடங்க நேரம் இருக்கிறது. அவர் வீட்டுக்கு முதலில் போய் வாருங்கள்.